அவிழ்க்கத் தெரிந்த ரத்தம்

எங்கள் லேபில் பல வருடங்கள் என் ரத்தம்தான் ‘நல்ல ரத்தம்’. பெருமைக்குச் சொல்லவில்லை, அது ஒரு வேலை. வேலூரில் ஒரு மருத்துவமனையில் குரோமோசோம் பார்க்கும் பிரிவில் நான் டெக்னீஷியன். ஒரு நோயாளியின் ரத்தத்தைச் சோதிக்கும்போது, நோயில்லாத ஒருவரின் ரத்தத்தையும் அதே நாளில், அதே மருந்தை ஊற்றி, பக்கத்திலேயே வைத்து வளர்க்க வேண்டும். இல்லாவிட்டால் கெட்டுப்போனது நோயாளியின் ரத்தமா, நம் கைவேலையா என்று தெரியாது. அதற்குக் கன்ட்ரோல் என்று பேர். கன்ட்ரோல் வேண்டும் என்றதும் எல்லோருக்கும் அன்றைக்கென்று பார்த்துத் தலைசுற்றும், காய்ச்சல் வருகிற மாதிரி இருக்கும். எனக்குக் கையில் நரம்பு பளிச்சென்று தெரியும். அதனால் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள்.

லேபின் தலைவியான டாக்டரம்மா அவ்வளவு படித்தவர், ஊசியைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். “எனக்கு வெய்ன் கெடைக்காதும்மா, நீயே குடுத்துடு” என்பார். எனக்கு வாய் ஜாஸ்தி. “கெடைக்காம இல்ல மேடம், நீங்க ஒளிச்சி வெச்சிருக்கீங்க” என்பேன். அவர் முறைப்பார். நான் கையை நீட்டிவிடுவேன்.

நாங்கள் செய்யும் சோதனைகளில் ஒன்று கொஞ்சம் முரட்டுத்தனமானது. ரத்தத்திலிருக்கும் வெள்ளணுக்களை உடம்புச் சூட்டில் மூன்று நாள் வளர்ப்போம். நடுவே, வேண்டுமென்றே, அவற்றைக் காயப்படுத்தும் ஒரு மருந்தை ஊற்றுவோம். பிறகு செல்கள் இரண்டாகப் பிரியப்போகும் நேரத்தில் அப்படியே நிறுத்தி, தண்ணீர் குடிக்க வைத்து உப்பச் செய்து, கண்ணாடியில் துளித் துளியாக விடுவோம். இதில்தான் வேலூர் வெயில் வேலை காட்டும். கத்திரியில் துளி பரவுவதற்குள் காய்ந்துவிடும், குரோமோசோம்கள் ஒன்றின்மேல் ஒன்று குவிந்து கிடக்கும். அதனால் கொதிக்கிற தண்ணீரின் ஆவியில் கண்ணாடியைக் காட்டி, வாயால் ஒரு ஊது ஊதி, பிறகு விடுவோம். எவ்வளவு உயரத்திலிருந்து விடுவது என்பதில் எங்களுக்குள் சண்டையே உண்டு. நான் முழங்கை உயரம். அதுதான் சரி.

சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஊதா நிறத்தில் நாற்பத்தாறு குட்டிக் குச்சிகள். ஒவ்வொன்றும் இரட்டையாக, நடுவில் இடுப்பு ஒடுங்கி. ஆளைவிட நீளமான நூலைச் சுருட்டிச் சுருட்டி இவ்வளவுதான் ஆக்கி வைத்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் ரத்தத்தையே நான் பார்த்த நாள் நினைவிருக்கிறது. அந்த மருந்தை ஊற்றி மூன்று நாள் வாட்டியும் ஒரு குச்சிகூட உடையவில்லை. நம்பவே முடியவில்லை. “மருந்து ஊத்தினீங்களா இல்லியா?” என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டேன். ஊற்றியிருந்தார். உடைந்துதான் இருக்கிறது, அல்லது உடையப் பார்த்திருக்கிறது. உள்ளே யாரோ உட்கார்ந்து சரிசெய்துவிட்டார்கள். நான் பஸ்ஸில் வந்தேன், டிபன் சாப்பிட்டேன், யாரையோ திட்டினேன். அது தன் பாட்டுக்கு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அன்றைக்கு எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அந்த மருந்து என்ன செய்கிறது என்பதை எனக்குப் புரிய வைத்தது பாடப் புத்தகம் இல்லை, என் மாமா. நாங்கள் ஆம்பூர்க்காரர்கள். என் அம்மாவின் தம்பிதான் இந்த மாமா, அவரேதான் என் அக்காவைக் கட்டியவரும். எங்கள் பக்கம் அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுவது உரிமை, யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். அக்கா மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அடுத்து என்னைத்தான் மணையில் உட்கார வைத்திருப்பார்கள். அக்கா சரி என்றாள், நான் படிக்கப் போனேன்.

மாமா தோல் பதனிடும் டேனரியில் டிரம் ஓட்டினார். வீடு உயரத்துக்கு மரத்தில் ஒரு உருளை, அதற்குள் தோலும் தண்ணீரும் குரோம் உப்பும் போட்டு உருட்டுவார்கள். வெளியே எடுக்கும்போது தோல் நீலமாக வரும். குரோம் ஏறியதா என்று பார்க்க ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போடுவார்கள். சுருங்காமல் அப்படியே இருந்தால் தோல் பாஸ். “நாருக்கு நாரு க்ரோம் கட்டு போட்டுடுதும்மா. அப்புறம் அத எவனாலயும் அவுக்க முடியாது. அதான் செருப்பு அழுகறதில்ல” என்று ஒருநாள் சொன்னார். நான் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் மருந்தும் அதையேதான் செய்கிறது. டி.என்.ஏ. என்பது இரண்டு இழை. செல் பிரிய வேண்டுமென்றால் இரண்டும் ஜிப்பைப் போலத் திறந்து நகலெடுக்கப்பட வேண்டும். மருந்து அந்த இரண்டு இழைகளையும் குறுக்கே பூட்டிவிடும். பூட்டை எடுக்காவிட்டால் ஜிப் நடுவழியில் நிற்கும், பிறகு கிழியும்.

நல்ல உடம்பு அந்தப் பூட்டை அவிழ்க்கிறது. அதற்கென்றே இருபதுக்கும் மேற்பட்ட ஜீன்கள் இருக்கின்றன. அவை செய்து அனுப்பும் புரதங்களில் ஒரு கூட்டம் பூட்டு விழுந்த இடத்தைக் கண்டுபிடித்து அங்கே போய்க் கூடும். அது கூடி, இன்னொரு ஜோடிப் புரதத்தின்மேல் ஒரு அடையாளம் ஒட்டும். அடையாளத்தைப் பார்த்துக் கத்தரி வரும், பூட்டின் இரண்டு பக்கமும் வெட்டும். வெட்டிய இழையை, பக்கத்தில் இருக்கும் முழு நகலைப் பார்த்துப் பார்த்து எழுத்துப் பிசகாமல் திரும்ப எழுத வேறு சிலர் வருவார்கள். ஆம்பூர் ஷூ கம்பெனி லைன் மாதிரிதான், வெட்டுகிறவர், தைக்கிறவர், ஒட்டுகிறவர். லைனில் ஒருவர் வராவிட்டால் மொத்தமும் நிற்கும். ஆனால் இந்த லைனுக்கு சூப்பர்வைசர் கிடையாது, சைரன் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அடேயப்பா என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன், அதுவும் லேபில், எல்லோரும் திரும்பிப் பார்க்க.

அக்காவுக்கு முதலில் பெண். குழந்தை வயதுக்கு மீறிக் குட்டையாக இருந்தாள். ஒரு கட்டைவிரல் மெலிந்து, ஒட்ட வைத்தது போல இருந்தது. வயிற்றில் காப்பித்தூள் நிறத்தில் மறு. “மறு இருந்தா ராசி” என்று எல்லோரும் கொஞ்சினார்கள். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் லேசாக இடித்துக்கொண்டாலே கையும் காலும் கன்றிப்போயின. அப்போது தெருவே ஒரு முடிவுக்கு வந்தது. க்ரோம்தான். அப்பன் துணியில் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டான். மாமாவும் அப்படியே நம்பினார். வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே சட்டையைக் கழற்றி, கொல்லையில் குளித்து, அதன் பிறகும் மகளைத் தொடப் பயப்படுவார். கடைசியில் டேனரி வேலையையே விட்டுவிட்டு, அணைக்கட்டுப் பக்கம் குத்தகைக்கு நிலம் பிடித்துக் கடலை போட்டார். அங்கே போன பிறகுதான் பையன் பிறந்தான். கொழுகொழுவென்று இருந்தான். “பாத்தியா? க்ரோம் காத்து படாத புள்ள” என்று ஊரெல்லாம் காட்டினார்.

டேனரிக் கழிவு நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. பாலாற்றைப் பார்த்த எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் இந்த ஒரு பழி மட்டும் அதன்மேல் தவறாக விழுந்திருந்தது.

பெரியவள் ஆறாவது படிக்கும்போது அவள் எலும்பு மஜ்ஜை ரத்தம் ஊற வைப்பதைக் குறைத்துக்கொண்டது. எங்கள் மருத்துவமனைக்குக் கூட்டி வந்தார்கள். வார்டு டாக்டர் அவள் கட்டைவிரலைப் பார்த்தார், மறுவைப் பார்த்தார், ரத்தத்தை எங்கள் லேபுக்கே அனுப்பினார். முடிவு வந்தது. அவிழ்க்கும் லைனில் ஏதோ ஒரு ஆள் அவளுக்குப் பிறவியிலேயே இல்லை. வேறொருவரின் மஜ்ஜையை வைத்தால்தான் பிழைப்பாள். தம்பியின் மஜ்ஜை அவளுக்குப் பொருந்தியது. அக்கா வார்டிலேயே கையெடுத்துக் கும்பிட்டாள். அப்போதுதான் இன்னொன்றைச் சொன்னார்கள். கூடப் பிறந்தவன் என்பதால் அவனுக்கும் இதே குறை ஒளிந்திருக்கலாம், அவனையும் சோதித்த பிறகுதான் எடுக்க முடியும்.

அக்கா வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே அணைக்கட்டுக்குப் போனேன். மாமா களத்தில் கடலை உலர்த்திக்கொண்டிருந்தார்.

“அவன் இங்க பொறந்தவன்டி. அவனுக்கு இன்னாத்துக்கு இந்த டெஸ்ட்டு?” என்றார்.

“பொருந்திடுச்சின்னு உங்க ஆஸ்பத்திரிதான சொல்லிச்சி? மறுபடியும் எதுக்குக் குத்தணும்? இருக்கறது அந்த ஒரு புள்ளதான் நல்லா. அவனுக்கும் ஒரு வியாதிப் பேரு வெச்சி அனுப்பாதீங்க” என்றாள் அக்கா.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “அவனுக்கும் இருந்துட்டா? அத எடுத்து இவளுக்கு வெச்சி இன்னா பிரயோஜனம்? ஓட்ட பக்கெட்டுக்குப் பதிலா இன்னொரு ஓட்ட பக்கெட்டு!”

“வாயக் கழுவுடி!” என்று அக்கா கத்தினாள். உள்ளே பெரியவள் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தாள். அவளுக்குக் கேட்டிருக்கிறது.

நான் களத்து ஓரத்தில் உட்கார்ந்தேன். கோபம் போய்விட்டது. “மாமா, இது க்ரோம்ல வந்ததில்ல” என்றேன். அவர் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். “ஒவ்வொரு வேலைக்கும் ஜீன் ரெண்டு இருக்குது. ஒண்ணு அம்மா குடுத்தது, ஒண்ணு அப்பா குடுத்தது. ஒண்ணு கெட்டிருந்தாலும் இன்னொண்ணு பாத்துக்கும், வெளியவே தெரியாது. உனக்கு ஒண்ணு கெட்டிருக்குது. அக்காவுக்கும் அதே ஒண்ணு. ஒரே குடும்பம் இல்லியா, எங்கயோ ஒரே எடத்துலேர்ந்து வந்திருக்கு. பெரியவளுக்கு ரெண்டும் கெட்டதா வந்துடுச்சி. டேனரில இருந்தாலும் இப்டித்தான், அமெரிக்காவுல இருந்தாலும் இப்டித்தான்.”

மாமா தன் வேட்டியைக் குனிந்து பார்த்தார். “அப்ப நான் துணியில கொண்டாந்தது இல்லியா?” என்றார்.

“இல்ல மாமா.”

அவர் அழுதார். நான் அவர் அழுது பார்த்ததே இல்லை. எத்தனை வருடம் இந்த மனுஷன் மகளைத் தொடக் கூசிக்கொண்டு இருந்திருக்கிறார்! பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ரத்தத்துலயே குடுத்துட்டனா” என்றார்.

“நீ மட்டும் குடுக்கல, நானும்தான் குடுத்திருக்கேன்” என்றாள் அக்கா. கத்தல் நின்றிருந்தது. அவரருகில் வந்து உட்கார்ந்து கடலையைக் கிளற ஆரம்பித்தாள்.

“இவளுக்கு உள்ள அப்டி இன்னாதான் கெட்டுப் போச்சி?” என்று மாமா கேட்டார்.

“தோலுக்கு நீ போடுவியே, கட்டு, அந்த மாதிரி கட்டு நம்ம உடம்புக்குள்ளயும் விழுது மாமா. க்ரோம் வேணாம், வெளியிலேர்ந்து ஒண்ணுமே வேணாம். சாப்டறது செரிக்கிறதுல வர்ற கழிவே போதும், அதுவே கட்டிப்போட்டுடும். நம்ம உடம்பு அவுத்துடும். அவ உடம்புக்கு அவுக்கத் தெரியல.”

அவர் உடனே பிடித்துக்கொண்டார். “தோலுன்னா அவுக்கக் கூடாது. அவுந்தா அழுகிடும்.”

“இங்க அவுக்கலைன்னா ஒடைஞ்சிடும்.”

மாமா எழுந்து, வேப்பமரத்தடியில் டயர் ஓட்டிக்கொண்டிருந்த மகனைக் கூப்பிட்டார். “டேய், நாளைக்கி சித்தி கூட வேலூர் போவணும்” என்றார்.

மறுநாள் ரத்தம் எடுக்கும்போது பையனின் சட்டையைக் கழற்றினார்கள். தோள்பட்டைக்குக் கீழே காப்பித்தூள் நிறத்தில் ஒரு மறு. எல்லோருக்கும் மறு இருக்கும், எனக்கே கணுக்காலில் இருக்கிறது, அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பழக்க தோஷத்தில் லேபில் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினேன். டாக்டரம்மா தலையாட்டினார். “இன்னிக்கு உன் கை வேணாம். நீ சொந்தம். உனக்கும் அந்த ஒண்ணு கெட்டிருக்கலாம்.”

நான் அதை யோசித்ததே இல்லை. இத்தனை வருடம் எல்லோருக்கும் அளவுகோலாக வைத்த என் ரத்தத்திலேயே ஒரு ஆள் அரைச் சம்பளத்தில் இருந்திருக்கலாம். இருந்தும் ஒரு குச்சி உடையவில்லையே! ஒற்றை நல்ல நகல் மொத்த வேலையையும் சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அதற்கு நான் என்ன செய்தேன்? ஒன்றும் இல்லை, சும்மா இருந்தேன்.

“அப்ப கன்ட்ரோலுக்கு யாரு மேடம்?”

டாக்டரம்மா நான் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்து கோட்டின் கையை மடித்துவிட்டார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். “பேசாம குத்து” என்றார். முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது. கேலி செய்ய நல்ல சந்தர்ப்பம், அன்றைக்கு விட்டுவிட்டேன்.

மூன்று ரத்தம் வைத்தோம். உடையும் என்று ஏற்கெனவே தெரிந்த பெரியவளுடையது, பையனுடையது, டாக்டரம்மாவுடையது. பிறகு நான் தொடக் கூடாது. கூட வேலை செய்பவர் கண்ணாடிகளில் பெயரில்லாமல் வெறும் குறி போட்டு ஒட்டினார். படிக்கிறவருக்கு எது யாருடையது என்று தெரியக் கூடாது என்பது எங்கள் பழக்கம், ஆசை கண்ணை மறைத்துவிடும். அந்த நாட்களில் வேறு யார் யாருக்கோ வேலை பார்த்தேன். வீட்டில் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். மாமா தினமும் போன் செய்து, “இன்னும் கட்டு போட்டுட்டுத்தான் இருக்கீங்களா?” என்று கேட்டார்.

ஒரு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு டாக்டரம்மா கூப்பிட்டார். இரண்டு பேர் சேர்ந்து பார்க்கும் மைக்ராஸ்கோப். “நான் எண்ணி முடிச்சிட்டேன், எழுதியும் வெச்சிட்டேன். நீ எண்ண வேணாம், சும்மா பாரு” என்றார். அவர் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

முதல் கண்ணாடி. ஐயோ. குச்சிகள் நடுவில் விண்டு கிடந்தன. இரண்டு தனித்தனிக் குரோமோசோம்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை, உடைந்த இடத்தில் தவறாக ஒட்டிக்கொண்டு நான்கு கையுள்ள சிலுவையாக நின்றன. அடுத்த செல்லிலும், அதற்கடுத்ததிலும். பாவம், அதுவும் சரிசெய்யத்தான் பார்த்திருக்கிறது. கையில் அகப்பட்டதை அகப்பட்டதோடு ஒட்டியிருக்கிறது. இவ்வளவு சிதைவை உள்ளே வைத்துக்கொண்டுதான் பெரியவள் என்னிடம் கொலுசு கேட்டுச் சண்டை போட்டாள்.

இரண்டாவது கண்ணாடி. முழுசு. எல்லாம் முழுசு. டாக்டரம்மாவுடையதாக இருக்கலாம், இந்த வெறும் சாயத்தில் ஆணா பெண்ணா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மூன்றாவதை அவர் மாட்டினார். இப்போது கணக்கு எளிது, அதுதான் பயம். இதுவும் முழுசாக இருந்தால் உடைந்தது பெரியவளுடையது மட்டும். உடைந்திருந்தால் பிள்ளைகள் இரண்டு பேருமே. நான் கண்ணை மூடிக்கொண்டேன். “தொறடி” என்றார் டாக்டரம்மா. அவர் என்னை டி போட்டது அதுதான் முதல் தடவை.

திறந்தேன். நாற்பத்தாறு குச்சிகள், கைகால் குறையாமல், மேய்ந்துவிட்டு வந்து படுத்த ஆடுகள் மாதிரி. அவர் அடுத்த செல்லுக்கு நகர்த்தினார். முழுசு. அடுத்தது. முழுசு. ஒவ்வொன்றிலும் அந்த மருந்து பூட்டுப் போட்டிருக்கிறது, எங்கெங்கோ, எத்தனையோ. எங்கே போட்டது என்பதற்கு ஒரு தழும்புகூட இல்லை. இரண்டில் எது டாக்டரம்மாவுடையது, எது கடலைக்காட்டில் டயர் ஓட்டும் பையனுடையது என்று எவ்வளவு உற்றுப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை. என் கண்ணீர் வழிந்து, லென்ஸுக்கடியில் கண்ணாடிமேல் விட்டிருந்த எண்ணெய்ப் பக்கம் சொட்டியது. “எண்ணெயோட தண்ணி சேரக் கூடாது, தள்ளு” என்று அவர் திட்டினார்.

குறியைப் பிரித்துப் பார்த்து உறுதி செய்த பிறகு வராந்தாவுக்கு ஓடிப் போய் போன் போட்டேன். மாமா முதல் மணியிலேயே எடுத்தார். ஹலோ சொல்லவில்லை.

“சின்னவன் அவுத்துட்டானா?” என்றார்.

“அவுத்துட்டான் மாமா. எல்லாத்தையும்.”

பிறகு தூரத்தில் அக்காவின் குரல், “இன்னா சொல்றா? இன்னா சொல்றா?” என்று ஓடி வருவது கேட்டது.

மஜ்ஜை மாற்றும்போது பழையதை அழிக்கக் கொடுக்கும் மருந்துகளில் சிலவும் இதே பூட்டுப் போடும் ஜாதி. பெரியவளால் தாங்க முடியாது என்று தெரிந்திருந்ததால் ரொம்பக் கம்மியாகக் கொடுத்தார்கள். கஷ்டப்பட்டாள், முடியெல்லாம் கொட்டியது, அடிக்கடி காய்ச்சல் வந்தது. தேறினாள். ரத்தம் மட்டும்தான் மாறியிருக்கிறது. தோலும் வாயும் குடலும் இன்னும் அவிழ்க்கத் தெரியாத பழைய செல்கள்தான், ஆயுசுக்கும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அதையும் அவளிடம் மறைக்கவில்லை.

போன முறை செக்கப்புக்கு வந்தபோது அவள் ரத்தத்தில், குரோமோசோம்களைப் பட்டை பட்டையாகப் பிரித்துக் காட்டும் வேறு சாயம் ஏற்றி எடுத்த கண்ணாடியை டாக்டரம்மா என்னிடம் காட்டினார். ஓரத்தில் குட்டியாக ஒரு ஒய் குரோமோசோம், ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் இருப்பது. பெண்ணின் உடம்புக்குள் தம்பி ஓடிக்கொண்டிருக்கிறான். பார்த்துப் பார்த்து எனக்கு அலுக்கவே இல்லை. என் ரத்தத்தை இப்போதெல்லாம் லேபில் கேட்பதில்லை. டாக்டரம்மாதான் சுவரைப் பார்த்துக்கொண்டு கையை நீட்டுகிறார்.

அந்தச் செக்கப் அன்று சாயங்காலம் நானும் அவர்களோடு போயிருந்தேன், அணைக்கட்டு வீட்டில் ரிமோட்டுக்குச் சண்டை. பையன் கத்தினான், “என் ரத்தத்தத் திருப்பிக் குடுடி!”

பெரியவள் ரிமோட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். “குடுத்தது குடுத்ததுதான்டா. நீ குடுத்தது எப்பவோ தீந்துபோயிருக்கும். இது நானா ஊற வெச்சது.”

தொடவே பயந்த மகளை மாமா எழுந்து போய்ப் பிடித்து இழுத்து, கையோடு கை பிணைத்து, ரிமோட்டைப் பிடுங்கினார்.